இரத்தம் திரும்பும் வேளையில் இருதயத்திற்கு நேரும் ஊறு

ஐதராபாத் நகரின் காஞ்சன்பாக் பகுதி பாதுகாப்புத்துறை ஆராய்ச்சிக்கூடங்களுக்குப் பெயர் பெற்றது. அங்குள்ள ஏவுகணை ஆராய்ச்சிக்கூடத்தின் இயக்குநர் பொறுப்பை 1982-இல் ஏற்ற ஆ. ப. ஜெ. அப்துல் கலாம், பின்னர் இருதய மருத்துவர் சோமராஜுவுடன் சேர்ந்து குறைந்த விலையில் ஓர் உலோகக் குழல் உருவாகக் காரணமாயிருந்தார். அடைபட்ட இருதய இரத்தக் குழாயைத் திறந்து, அது மீண்டும் சுருங்காமல் தாங்கி நிற்கும் இக்குழல் 'கலாம்–ராஜு ஸ்டென்ட்' எனப் பெயர் பெற்றது. குழாயைத் திறக்கும் வழி இவ்வாறு கிடைத்தபின், மற்றொரு வினா எஞ்சி நிற்கிறது. திறந்த குழாய் வழியே இரத்தம் பாயும்போது இருதயத் தசை முழுவதும் பிழைக்கிறதா?

இருதயத் தசைக்கு இரத்தம் கொண்டுவரும் குழாயில் இரத்தக்கட்டி அடைத்துக்கொள்வதே பெரும்பாலான மாரடைப்புகளுக்குக் காரணம். அடைப்பு நீடிக்குமளவிற்குத் தசையின் அழிவு உட்புறத்திலிருந்து வெளிப்புறம் நோக்கிப் பரவுகிறது. ஆகவே குழாயை விரைந்து திறப்பதே முதற் சிகிச்சை. எனினும், இரத்தம் திரும்பும் முதற் சில நிமிடங்களில், அதுவரை உயிரோடிருந்த அணுக்களில் ஒரு பகுதி மடிகிறது. விலங்குப் பரிசோதனைகளின்படி, இறுதியில் அழியும் தசையில் பாதிவரை இவ்வகையில் நேரக்கூடும் என மதிப்பிடப்பட்டுள்ளது.

இதன் காரணம் பின்வருமாறு: பிராணவாயு கிட்டாத அணுவில் அமிலம் சேர்கிறது. அமிலத்தை வெளியேற்றும் முயற்சியில் சோடியம் உட்புகுகிறது. அதன் விளைவாகக் கால்சியமும் அணுவில் மிகுகிறது. இரத்தம் திரும்பியதும் பிராணவாயு திடீரெனப் பெருகி, திசுவைத் தாக்கும் வினைத்திறன் மிக்க பொருள்கள் உண்டாகின்றன. அணுவுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்டிரியாவின் உட்சுவரில் ஒருவகைத் துளை உண்டு. அடைப்பின்போது அமிலம் அத்துளையைத் திறக்கவொட்டாமல் தடுக்கிறது. இரத்தம் அமிலத்தைக் கழுவிவிடவே, அத்தடை நீங்குகிறது. கால்சியமும் வினைப்பொருள்களும் சேர்ந்து துளையைத் திறக்கின்றன. அணு ஆற்றலிழந்து மடிகிறது. வறண்டு வெடித்த வாய்க்காலில் மடையை முழுவதும் ஒரே வேளையில் திறந்துவிட்டால் கரை உடைவதை இதற்கு ஒப்பிடலாம்.

இவ்வூற்றைத் தணிக்கும் முயற்சிகள் பல. 1986-இல் அமெரிக்காவில் மரி, ஜென்னிங்ஸ், ரைமர் ஆகியோர் நாய்களின் இருதயக் குழாயை ஐந்து ஐந்து நிமிடங்களாக நான்கு முறை அடைத்துத் திறந்தபின், நாற்பது நிமிடம் அடைத்தனர். முன்பயிற்சி பெறாத இருதயங்களில் அழிந்த தசையின் கால் பங்கே இவற்றில் அழிந்தது. ஆயினும் மாரடைப்பு முன்னறிவித்து வருவதில்லை. எனவே 2003-இல் மற்றோர் ஆராய்ச்சிக் குழுவினர், நீண்ட அடைப்பைத் திறந்தவுடன் முப்பது விநாடிக்கு ஒருமுறை இரத்த ஓட்டத்தை நிறுத்தியும் விட்டும் மும்முறை செய்து பார்த்தனர். நாய்களில் சேதம் கணிசமாகக் குறைந்தது. மடையைச் சிறிது சிறிதாகத் திறப்பதற்கு நிகரான முறை இது. அமிலம் மெல்ல விலகுவதால் துளை உடனே திறப்பதில்லை.

மனிதரிடத்தில் முடிவு அவ்வாறு அமையவில்லை. அத்துளையைத் தடுக்கும் சைக்ளோஸ்போரின் என்னும் மருந்து 2008-இல் 58 நோயாளிகளிடம் நம்பிக்கையளித்தது. 2015-இல் வெளியான பெரிய ஆய்வில் பயன் காணப்படவில்லை. கையில் பட்டை கட்டி இரத்த ஓட்டத்தை இடையிடையே நிறுத்தும் முறையும், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கொண்டு 2019-இல் வெளியான ஆய்வில் பயன் தரவில்லை. நோயாளிகள் பெரும்பாலும் முதியோர். நீரிழிவு போன்ற பிற நோய்களும் மருந்துகளும் உடையோர். நலமுள்ள இளம் விலங்கின் இருதயம் அவர்களுடையதற்கு ஈடாகாது.

ஆகவே, ஐயமற நிறுவப்பட்ட பாதுகாப்பு விரைவே. தமிழ்நாட்டில் சிறு மருத்துவமனைகளைப் பெரிய இருதய மையங்களோடு இணைத்து நடத்திய திட்டம் இதற்குச் சான்று. 2017-இல் வெளியான அதன் ஆய்வில் 2,420 நோயாளிகள் இடம்பெற்றனர். திட்டத்திற்கு முன் 17.6 விழுக்காடாக இருந்த ஓராண்டு இறப்பு, பின்னர் 14.2 விழுக்காடாகக் குறைந்தது.

களப்பணியாளரும் ஆசிரியரும் மக்களுக்கு விளக்கவேண்டியது இதுவே: இரத்தம் திரும்புகையில் ஊறு நேரும் என்பதால் சிகிச்சையை அஞ்சுதல் கூடாது, திறக்கப்படாத குழாயால் விளையும் இழப்பு அதைவிடப் பெரிது. நெஞ்சில் இறுக்கம், இடக்கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவை தோன்றின், 'வாயு' என்று காத்திராமல் 108-ஐ அழைத்து மருத்துவமனை சேர்தல் வேண்டும். இழக்கும் ஒவ்வொரு நிமிடமும் இருதயத் தசையின் இழப்பேயாகும்.