மஞ்சள் எங்கிருந்து வந்தது?

1960களின் கடைசியில், அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் பில் க்ளூஸ்மையர் என்ற பல் சீரமைப்பு மருத்துவர், ஈறு புண்பட்டு வந்தவர்களுக்கு ஒரு கிருமிநாசினித் திரவத்தைக் கொடுத்தார். பல்லில் மாட்டும் அச்சுக்குள் அதை விட்டு, இரவில் போட்டுக்கொண்டு தூங்கச் சொன்னார். ஈறு ஆறியது, கூடவே பல்லும் வெளுத்தது. அந்தத் திரவத்தில் இருந்தது 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு. ஹேவுட், ஹேமன் என்ற இருவர் 1989-இல் இந்த முறையை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்ட பிறகு அது உலகெங்கும் பரவியது. இன்று முகூர்த்தத் தேதி குறித்த கையோடு மணமக்கள் பல் டாக்டரைத் தேடிப் போகிறார்கள்.

அங்கே முதலில் பேச வேண்டியது விலையை அல்ல, மஞ்சளின் காரணத்தை. பல் இயற்கையிலேயே பால்வெள்ளை கிடையாது. மேலே இருக்கும் எனாமல் ஒளியை ஓரளவு உள்ளே விடும். அதற்கு அடியில் இருக்கும் டென்டின் இளமஞ்சள் நிறம். வயது ஏற ஏற எனாமல் தேயும், டென்டின் தடிக்கும். ஐம்பது வயதுக்காரரின் பல் இருபதில் இருந்த நிறத்தில் இல்லையென்றால் அது நோயல்ல. இந்த வயது மஞ்சளுக்குத்தான் ப்ளீச்சிங் நன்றாகக் கேட்கும். பெராக்சைடு எனாமலுக்குள் ஊடுருவி, நிறம் தரும் பொருள்களைச் சிதைக்கிறது.

டீ, காபி, வெற்றிலை, புகையிலைக் கறை வேறு ரகம். அது பல்லின் மேலேயே படிந்திருப்பது. நாள்கணக்கில் குளோர்ஹெக்சிடின் கலந்த மவுத்வாஷ் கொப்பளிப்பவர்களுக்கும் பல் பழுப்பேறும். இதற்கெல்லாம் ஸ்கேலிங் செய்து பாலிஷ் போட்டாலே பெரும்பாலும் போதும்; ப்ளீச்சிங் செலவு மிச்சம். ‘க்ளீன் பண்ணினால் பல் ஆடும்’ என்ற பயம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. ஈறு நோயால் ஏற்கெனவே பிடிப்பிழந்த பல்லைக் காரை தாங்கிப் பிடித்திருக்கும்; அதை எடுத்ததும் ஆட்டம் தெரியவருகிறது. ஆட்டத்துக்குக் காரணம் நோயே தவிர சுத்தம் செய்தது அல்ல.

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் போனால் கதையே மாறுகிறது. அங்கே பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். அதைத் தாண்டிய நீரைப் பல் உருவாகும் பருவத்தில் தொடர்ந்து குடித்த பிள்ளைகளுக்கு எனாமலிலேயே சுண்ணாம்பு வெள்ளைத் திட்டும் பழுப்புக் கோடும் விழுகின்றன. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பானிய நிதியுதவியோடு கொண்டுவரப்பட்டதற்கு முக்கியக் காரணமே இதுதான். பல் தேய்க்காத பிள்ளை என்று அவர்களைக் கேலி செய்வது பெரிய அநியாயம். எத்தனை முறை தேய்த்தாலும் அந்தக் கறை போகாது. ப்ளீச்சிங் மட்டும் செய்தால் வெள்ளைத் திட்டு முதலில் இன்னும் எடுப்பாகத் தெரியலாம். அதனால் மேற்பரப்பை மிக மெல்லியதாகத் தேய்த்தெடுப்பது, திட்டுக்குள் ரெசின் ஏற்றுவது, கறை மிகுந்திருந்தால் வெனீர் ஒட்டுவது எனச் சிகிச்சை கூடுகிறது.

சிறுவயதில் டெட்ராசைக்ளின் மருந்து சாப்பிட்டதால் வந்த சாம்பல் நிறமும் பிடிவாதமானது. வெளுக்க மாதக்கணக்கில் ஆகும். அடிபட்டு ஒரே ஒரு பல் மட்டும் கறுத்திருந்தால் வேர் சிகிச்சை செய்துவிட்டு உள்ளிருந்து வெளுப்பார்கள்.

நாற்காலியில் என்ன நடக்கும்? 16 நிறச் சில்லுகள் கொண்ட அட்டவணையைப் பல்லருகே வைத்து, இப்போதைய நிறத்தைக் குறித்துக்கொள்வார்கள். உதட்டை விலக்கி, ஈறின் மேல் ரெசின் தடுப்புப் பூசி, 25 முதல் 40 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு ஜெல்லைப் பல்லில் தடவுவார்கள். பதினைந்து இருபது நிமிடம் கழித்துத் துடைத்து மறுபடி தடவுவார்கள். மொத்தம் ஒன்றரை மணி நேரம் பிடிக்கலாம். நீல விளக்கைக் காட்டிக் கூடுதல் பணம் கேட்டால் யோசிக்கலாம். விளக்கால் நிலைத்த பலன் கிடைப்பதாக ஆய்வுகள் உறுதிசெய்யவில்லை. ஜெல் ஈறில் பட்டால் அந்த இடம் வெளுத்து எரியும், பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகிவிடும்.

பலருக்குப் பல் கூசும். குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுருக்கென்று இழுக்கும். சில நாளில் தானே அடங்கும். பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பேஸ்ட் உதவும். அன்று மாலை கண்ணாடியில் தெரியும் வெண்மையில் ஒரு பங்கு, பல் காய்ந்திருப்பதால் வருவது. நிறம் நிலைக்க ஒன்றிரண்டு வாரம் ஆகும். கேப்பும் பழைய அடைப்பும் ஒரு துளிகூட வெளுக்காது. முன்பல்லில் இருப்பதைப் புது நிறத்துக்குப் பொருத்தமாக மாற்றவும் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். ப்ளீச்சிங் செய்த உடனே ரெசின் சரியாக ஒட்டாது. ஆகவே கல்யாணத்துக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே தொடங்குவது நல்லது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 முதல் 6 சதவீதத்துக்கு மேற்பட்ட ஹைட்ரஜன் பெராக்சைடுக்கு அனுமதி இல்லை. அங்கே 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குச் செய்யவும் கூடாது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் தள்ளிப்போடுவதே சரி. சொத்தைப் பல் இருந்தால் அதை முதலில் அடைக்க வேண்டும். கரித்தூளும் செங்கல் பொடியும் கறையோடு எனாமலையும் சுரண்டுகின்றன. போன எனாமல் திரும்ப வளராது.

அவசரம் இல்லாதவர்களுக்கு க்ளூஸ்மையர் வழியே நிதானமானது: பல் அளவெடுத்துச் செய்த ட்ரேயில் 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு ஜெல், இரண்டு வாரம், இரவில் மட்டும். கூச்சமும் குறைவு. அந்த ட்ரேயைப் பத்திரமாக வைத்திருந்தால், ஓரிரு ஆண்டில் பழுப்பு எட்டிப் பார்க்கும்போது டாக்டரிடம் ஜெல் மட்டும் வாங்கிச் சில இரவுகள் போட்டுக்கொண்டால் போதும்.