பயண அட்டை: வரவா, செலவா?

பண்ருட்டியில் பலாப்பழம் வாங்குபவர் அதன் பருமனைக் கண்டு மயங்குவதில்லை. தட்டிப் பார்த்து, ஓசையைக் கேட்டு, அதன் பின்னரே விலை பேசுவார். அப்படித் தட்டிப் பார்க்காமலேயே வாங்கப்படும் பொருளொன்று, இன்று நெய்வேலி நகரியத்துக் குடியிருப்புகளிலும் பண்ருட்டிக் கடைவீதியிலும் பலருடைய பணப்பையில் இடம் பிடித்திருக்கிறது. பயணச் சலுகை தரும் கடன் அட்டைதான் அது.

மாதச் சம்பளக்காரர்களைத் தேடி வரும் இந்த அட்டைக்குப் பல வேளைகளில் முதலாண்டுக் கட்டணம் கிடையாது. செலவிடும் தொகைக்கேற்பப் புள்ளிகள் சேரும்; புள்ளிகள் பெருகினால் விமானச் சீட்டாகும்; விமான நிலைய ஓய்வறையில் இலவச உணவும் உண்டு என்பார்கள். துபாயில் மகனும் சிங்கப்பூரில் மருமகனும் வாழும் குடும்பங்களுக்கும், உம்ராவுக்குச் செல்ல ஏங்கும் பெற்றோருக்கும் இவ்வார்த்தைகள் இனிக்கவே செய்யும். ஆண்டொன்று கழிந்து கட்டணச் சீட்டு வந்து சேரும்போதுதான் கேள்வி எழுகிறது: இதனை வைத்துக்கொள்வதா, விட்டுவிடுவதா?

கணக்கு என்ன சொல்கிறது?

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஆண்டுக் கட்டணம் 3,000 ரூபாய் என்று கொள்வோம். அதன்மேல் 18 விழுக்காடு சரக்கு-சேவை வரி 540 ரூபாய் சேர்ந்து 3,540 ஆகிறது. செலவிடும் நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் பெறுமானமுள்ள புள்ளிகள் கிடைக்கின்றன என்போம். மாதம் 12,000 ரூபாயை அட்டை வழியே செலவிடும் குடும்பத்துக்கு ஆண்டு முடிவில் சேரும் பயன் 1,440 ரூபாய். ஆக, 2,100 ரூபாய் கைநட்டம். கட்டணத்தை ஈடுகட்ட மட்டுமே மாதம் 29,500 ரூபாய் செலவிட வேண்டும்!

"குறிப்பிட்ட தொகைக்குமேல் செலவிட்டால் கட்டணம் தள்ளுபடி" என்ற அறிவிப்பும் உண்டு. வழக்கமான செலவே அந்த எல்லையைத் தொட்டால் நல்லது. எல்லையைத் தொடுவதற்காகத் தேவையற்றதை வாங்குவது, சேமிப்பின் பெயரால் செய்யும் வீண் விரயமன்றி வேறென்ன?

நம் பயணத்துக்கு உதவுமா?

நம் பகுதியிலிருந்து வெளிநாடு செல்வோர் சென்னைக்கோ திருச்சிக்கோ சென்றே விமானம் ஏறுகின்றனர். திருச்சியிலிருந்து பறப்பவற்றில் குறைந்த கட்டண விமானங்களே மிகுதி. ஒரு குறிப்பிட்ட விமான நிறுவனத்தின் பெயரால் சேர்த்த புள்ளிகள், நாம் செல்லும் விமானத்தில் செல்லுபடியாகுமா என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஹஜ் கமிட்டி வழியே செல்வோர் விமானத்தைத் தாமே தேர்ந்தெடுப்பதில்லை. எனவே அங்கே இப்புள்ளிகளுக்கு வேலையில்லை. ஓய்வறைச் சலுகைக்கும், முந்தைய மூன்று மாதங்களில் இவ்வளவு செலவிட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பல அட்டைகள் விதித்துவிட்டன. வெளிநாட்டில் அட்டையைப் பயன்படுத்தினால், பல அட்டைகளில் 3.5 விழுக்காடு வரை கூடுதல் கட்டணமும் அதற்கு வரியும் உண்டு.

புள்ளி என்பது பணமன்று. பிறர் தரும் வாக்குறுதி மட்டுமே. 2019 ஏப்ரல் 17ஆம் நாளோடு ஜெட் ஏர்வேஸ் பறப்பதை நிறுத்திக்கொண்டது. 2024 நவம்பர் 12இல் விஸ்தாரா, ஏர் இந்தியாவுடன் இணைந்து தன் பெயரையே இழந்தது. பத்தாண்டு கழித்துப் பயன்படும் என்று புள்ளிகளைப் பூட்டி வைப்பது அறிவுடைமையன்று.

வட்டியின் நிழல்

இதுவரை கூறியது உலகக் கணக்கு. நமக்கு மார்க்கக் கணக்கும் உண்டு. பல அட்டைகளில் மாத வட்டி 3.5 விழுக்காடு, ஆண்டுக்கு 42 விழுக்காடு! பாக்கித் தொகை சிறிது நின்றுபோனாலும் வட்டியில்லாத் தவணைக்காலம் பறிபோய், புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாள் முதலே வட்டி ஓடத் தொடங்குகிறது. 30 விழுக்காட்டுக்கு மேற்பட்ட வட்டி முறையற்ற வணிகம் என்று 2008இல் தேசிய நுகர்வோர் ஆணையம் தீர்ப்பளித்தது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கிவிட்டது. அந்த வேலியும் இப்போது இல்லை.

சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 2000ஆம் ஆண்டு ரியாதில் கூடியபோது, வட்டி நிபந்தனையுள்ள கடன் அட்டையை, தவணைக்குள் செலுத்திவிடும் எண்ணத்துடன் பெறுவதும் கூடாது என்று முடிவு செய்தது. உரிய நாளில் முழுத் தொகையையும் செலுத்துவது உறுதி எனில், தேவை கருதி அனுமதிக்கும் உலமாக்களும் உள்ளனர். இந்தக் கருத்து வேறுபாட்டில் எதைப் பின்பற்றுவது என்பதைத் தத்தம் நம்பிக்கைக்குரிய ஆலிமிடம் கேட்டுத் தெளிவதே முறை. ஆனால் வட்டி செலுத்த நேரும் நிலையை எந்தத் தரப்பும் ஏற்கவில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடன் சுமையிலிருந்து தொழுகையில் பாதுகாவல் தேடியதை ஸஹீஹுல் புகாரி அறிவிக்கிறது. கடனாளி பேசும்போது பொய்யுரைக்கவும், வாக்களித்தால் மீறவும் நேர்கிறது என்பதே அவர்கள் கூறிய காரணம்.

விட்டுவிடும் முறை

கட்டண நாளுக்கு ஒரு மாதம் முன்பே கணவனும் மனைவியும் அமர்ந்து, கடந்த பன்னிரண்டு மாதக் கணக்குச் சீட்டுகளை எடுத்து வையுங்கள். உண்மையாகவே பயன்படுத்திய சலுகைகளை மட்டும் ஒரு பக்கத்தில் எழுதுங்கள். பயன்படுத்த நினைத்தவற்றை எழுதாதீர்கள். கட்டணம், வரி, தாமதக் கட்டணம், வட்டி ஆகியவற்றை மறுபக்கத்தில் எழுதுங்கள். வட்டி என்ற வரியில் ஒருமுறையேனும் தொகை காணப்பட்டால், மேற்கொண்டு கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. அட்டையை விட்டுவிடுவதே நலம்.

விடுவதென முடிவு செய்தால், சேர்ந்த புள்ளிகளை முதலில் பயன்படுத்திவிடுங்கள். பாக்கி முழுவதையும் செலுத்தி, எழுத்து மூலம் விண்ணப்பம் கொடுங்கள். பாக்கி இல்லாத அட்டையை ஏழு வேலை நாட்களுக்குள் மூடாவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022இல் விதி செய்துள்ளது. வெட்டி எறிவதால் மட்டும் அட்டை மூடப்படுவதில்லை. கட்டணம் தொடர்ந்து ஏறும்.

பயணத்துக்குப் பணம் வேண்டுமெனில், கட்டணமாகச் செலுத்தும் 3,540 ரூபாயோடு மாதந்தோறும் இயன்றதைச் சேர்த்துத் தனியே எடுத்து வையுங்கள். எந்த நிறுவனம் மூடினாலும் அந்தத் தொகை குறையாது. எந்த விமானத்திலும் அது செல்லும். கடனின்றிப் புறப்படும் பயணத்தின் பரக்கத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக!