மாதிரியும் மாற்றமும்: மென்பொருள் வேலையில் யார் எதற்குப் பொறுப்பு?

எங்கள் பிள்ளைகள் பலர் இன்று கணினித்துறையில் படிக்கிறார்கள், வேலை செய்கிறார்கள். "என்ன வேலை, பிள்ளை?" என்று கேட்டால் "கொன்பிகரேஷன் மனேஜ்மென்ட்", "புரோட்டோடைப்" என்று இரண்டு சொற்களைச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். கேட்ட அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஒன்றும் விளங்குவதில்லை. இந்த மாத உரையில் அந்த இரண்டு சொற்களையும் கணினி படிக்காதவர்களுக்கும் விளங்கும்படி பார்ப்போம். எங்களுக்குத் தொடர்பில்லாத விடயம் என்று நினைத்துவிட வேண்டாம். இந்த நாட்டில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சம்பளம் ஒழுங்காக வராமல் போனதற்கும் இதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

சமையலறையில் ஓர் உதாரணம்

மொன்றியலுக்கு வந்த எங்கள் ஆட்களில் பலருக்கு உணவகச் சமையலறை வேலை நன்றாகத் தெரியும். ஆகவே உதாரணத்தை அங்கிருந்தே எடுப்போம்.

ஓர் உணவகம் புதிதாக ஒரு குழம்பை விற்க நினைக்கிறது. முதலில் ஒரு சின்னச் சட்டியில் காய்ச்சி, வேலை செய்பவர்களுக்கு ருசி பார்க்கக் கொடுக்கிறார்கள். உப்புக் கூடிவிட்டது என்கிறார் ஒருவர். வெள்ளைக்காரருக்கு உறைப்புத் தாங்காது என்கிறார் இன்னொருவர். மூன்றாம் தரம் சரிவருகிறது. முதல் இரண்டு சட்டியையும் ஊற்றிவிடுகிறார்கள். யாருக்கும் நட்டமில்லை. இதுதான் புரோட்டோடைப், தமிழில் மாதிரியுரு. பிழை விடுவதற்கென்றே செய்து பார்ப்பது அது.

குழம்பு உணவு அட்டையில் ஏறிய பிறகு கதை வேறு. இப்போது அதற்கு ஒரு செய்முறைத் தாள் உண்டு. சாமான் பட்டியல் உண்டு. ஒவ்வாமை உள்ளவர்களுக்காக எழுதி வைத்த பட்டியல் உண்டு. கஜு விலை ஏறிவிட்டது என்று ஒருநாள் சமையற்காரர் கஜு விழுதுக்குப் பதிலாகக் கச்சான் விழுதைப் போடுகிறார். செய்முறைத் தாளில் மாற்றியும் எழுதுகிறார். ஆனால் ஒவ்வாமைப் பட்டியலை யாரும் மாற்றவில்லை. கச்சான் ஒத்துக்கொள்ளாத ஒருவர் வந்து கேட்கிறார். பரிமாறுபவர் பழைய பட்டியலைப் பார்த்து "இதில் கச்சான் இல்லை" என்கிறார். விளைவு என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை.

இங்கே சமையற்காரர் கெட்டிக்காரர்தான். பரிமாறுபவரும் பொய் சொல்லவில்லை. ஒரு மாற்றம் ஒரு தாளில் ஏறி, மற்றத் தாளில் ஏறாமல் போனதுதான் குறை. எந்தத் தாள் கடைசித் தாள், மாற்றத்துக்கு யார் சம்மதம் கொடுப்பது, அதை யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று ஒழுங்கு செய்து வைப்பதுதான் கொன்பிகரேஷன் மனேஜ்மென்ட். இதை அமைவு முகாமைத்துவம் என்று சொல்லலாம்.

நான்கு வேலைகள், சில பொறுப்புகள்

இந்த முறை மென்பொருளில் பிறந்ததல்ல. 1950களில் அமெரிக்க இராணுவமும் ஏவுகணை செய்த தொழிற்சாலைகளும் இதை உருவாக்கின. ஆயிரக்கணக்கான உதிரிப் பாகங்களில் எது எந்த வரைபடத்தின்படி செய்யப்பட்டது என்று தெரியாமல் ஏவுகணையைத் திருத்த முடியாது. பின்பு மென்பொருளும் அதே அளவுக்குச் சிக்கலானபோது அங்கும் இது வந்தது. மென்பொருளுக்கென ஐ.ஈ.ஈ.ஈ. என்ற பொறியியலாளர் அமைப்பு 1983இல் தனியாக ஒரு நியமம் வெளியிட்டது.

அடிப்படையில் நான்கு வேலைகள். முதலாவது, எவை எவை கட்டுப்பாட்டுக்குள் வர வேண்டும் என்று பெயரும் இலக்கமும் கொடுப்பது. இரண்டாவது, மாற்றங்களைக் கட்டுப்படுத்துவது. மூன்றாவது, இன்றைய நிலை என்ன, எந்த மாற்றம் எங்கே நிற்கிறது என்று பதிந்து வைப்பது. நான்காவது, பதிவில் உள்ளதும் உண்மையில் உள்ளதும் ஒன்றுதானா என்று சோதிப்பது.

இவற்றைச் செய்யும் ஆட்களைப் பார்ப்போம். அமைவு முகாமையாளர் கிராமத்து விதானையார் போல. காணி அவருடையதல்ல, ஆனால் எந்தக் காணி யாருடையது, எல்லை எது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மாற்றக் கட்டுப்பாட்டுக் குழு என்று ஒன்று இருக்கும். வேலை கொடுத்தவர், எழுதுபவர், சோதிப்பவர், பாவிக்கப் போகிறவர் ஆகியோரின் பிரதிநிதிகள் அதில் கூடி, "இந்த மாற்றம் வேண்டுமா, எதையெல்லாம் பாதிக்கும்" என்று முடிவெடுப்பார்கள். நிரல் எழுதுபவர் தான் மாற்றியதைக் காரணத்தோடு பதிய வேண்டும். சோதனையாளர் எந்தப் பதிப்பைச் சோதித்தார் என்று சொல்ல வேண்டும். கணக்காய்வு செய்பவர் இவர்கள் எவருக்கும் கீழ்ப்படாதவராக இருக்க வேண்டும்.

சின்ன நிறுவனங்களில் ஒருவரே இரண்டு மூன்று பொறுப்பைப் பார்ப்பார். பதிவு வைக்கும் வேலையில் பெரும்பகுதியை இப்போது கருவிகளே செய்கின்றன. 1972இல் பெல் ஆய்வுகூடத்தில் மார்க் ரொச்கைன்ட் செய்த கருவி முன்னோடிகளில் ஒன்று. 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய "கிட்" இன்று உலகெங்கும் பாவனையில் உள்ளது. ஆனால் கருவி நடந்ததைப் பதியும். வேண்டுமா வேண்டாமா என்று அது சொல்லாது. அதற்கு ஆள் வேண்டும்.

பதிப்பு மாறினால் என்ன நடக்கும் என்பதற்கு எங்கள் சொந்த அனுபவம் ஒன்று உண்டு. பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்த கடிதத்தை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். "அம்மா" என்ற சொல் அங்கே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில எழுத்துகளாக நிற்கும். கடிதம் பத்திரமாகத்தான் இருந்தது. அது எந்த எழுத்துருவுக்கு உரியது என்ற விபரம்தான் கூட வரவில்லை. யூனிகோட் பரவிய பிறகுதான் இந்தத் தொல்லை குறைந்தது.

மாதிரியுருவில் இரண்டு வகை

மாதிரியுருவுக்குத் திரும்புவோம். ஒரு வகை, பார்த்துவிட்டு எறிந்துவிடுவது. திரையில் எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும் என்று கேட்பதற்குக் கடதாசியில் கீறிக் காட்டினாலும் போதும். மற்ற வகை, சிறிதாகத் தொடங்கி, பாவிப்பவர்கள் சொல்லும் குறைகளைத் திருத்தித் திருத்தி முழுமையான மென்பொருளாக வளர்ப்பது.

ஐ.பி.எம். நிறுவனத்தில் பெரிய வேலைத்திட்டம் ஒன்றை நடத்திய பிரட் புறூக்ஸ் 1975இல் எழுதிய புகழ்பெற்ற நூலில், முதலாவதாகச் செய்வதை எறிவதற்கென்றே திட்டமிடுங்கள் என்று அறிவுரை சொன்னார். இருபது வருடங்களுக்குப் பின், 1995ஆம் ஆண்டுப் பதிப்பில், அது மட்டும் போதாது, படிப்படியாக வளர்ப்பதே நல்லது என்று தானே திருத்தினார்.

ஆபத்து எங்கே வருகிறது என்றால், எறிவதற்குச் செய்ததை நேரம் போதாமல் அப்படியே விற்பனைக்கு வைக்கும்போது. அல்லது மாதிரி பார்க்காமலே முழுச் சட்டியையும் அடுப்பில் ஏற்றும்போது.

பீனிக்ஸ்: இரண்டும் தவறிய கதை

எங்கள் நாட்டிலேயே இதற்குப் பெரிய உதாரணம் உண்டு. கனடிய மத்திய அரசு தன் ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுக்க, நாற்பது வருடப் பழைய முறைமைக்குப் பதிலாகப் பீனிக்ஸ் என்ற புதிய முறைமையைச் செய்வித்தது. 101 திணைக்களங்கள், ஏறத்தாழ 290,000 ஊழியர்கள். சம்பள விதிகள் மட்டும் சுமார் 80,000. வருடத்துக்கு 70 மில்லியன் டொலர் மிச்சம் பிடிக்கலாம் என்பது எதிர்பார்ப்பு.

முறைமையைக் கட்டி அமுலாக்க 2009இல் 155 மில்லியன் டொலர் அனுமதிக்கப்பட்டது. பின்பு ஐ.பி.எம். கணக்குப் பார்த்து 274 மில்லியன் வேண்டும் என்றது. கூடுதல் காசு கேட்பதற்குப் பதிலாக வேலையைக் குறைத்தார்கள். பின்திகதியிட்டுக் கொடுக்க வேண்டிய சம்பளத்தைக் கணக்கிடும் வசதி போன்ற முக்கியமானவைகூட நீக்கப்பட்டன அல்லது பிறகு பார்க்கலாம் என்று தள்ளப்பட்டன. ஒரு திணைக்களத்தில் மட்டும் முதலில் ஓடவிட்டுப் பார்க்க இருந்த முன்னோடிப் பரீட்சார்த்தத்தையும் 2015இல் கைவிட்டார்கள். இதற்கிடையில் 46 திணைக்களங்களில் சம்பள வேலை தெரிந்த சுமார் 1,200 பேரின் பதவிகள் நீக்கப்பட்டு, நியூ பிரன்ஸ்விக்கின் மிராமிச்சியில் 550 பேர் அமர்த்தப்பட்டார்கள்.

2016 பெப்ரவரியில் 34 திணைக்களங்கள், ஏப்ரலில் மீதி 67 திணைக்களங்கள் பீனிக்ஸுக்கு மாறின. இனி நடந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். சிலருக்குச் சம்பளமே வரவில்லை. சிலருக்குக் குறைவாக வந்தது. சிலருக்குக் கூடுதலாக வந்து, பிறகு திருப்பிக் கேட்கப்பட்டது. 2017 ஜூன் மாதத்தில் 51,000 பேருக்கு 228 மில்லியன் டொலர் குறைவாகவும், 59,000 பேருக்கு 295 மில்லியன் டொலர் கூடுதலாகவும் கொடுபட்டிருந்ததைக் கணக்காய்வாளர் நாயகம் கண்டறிந்தார். வீட்டுக் கடன் கட்ட முடியாமல், கடன் அட்டையில் சாப்பாடு வாங்கியவர்கள் இருந்தார்கள். மாதச் சம்பளத்தை நம்பி வாழும் குடும்பத்துக்கு ஒரு மாதம் வராவிட்டாலே என்ன பாடு என்பது எங்களுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை.

2018இல் கணக்காய்வாளர் நாயகம் மைக்கல் பெர்குசன் இதை விளங்கிக்கொள்ளவே முடியாத தோல்வி என்று வர்ணித்தார். திட்டத்தை நடத்திய அதிகாரிகளுக்கு மேலே, சுயாதீனமாக நின்று "இது ஆயத்தமா?" என்று கேட்க ஒருவரும் இருக்கவில்லை என்றும் அவருடைய அறிக்கை சுட்டிக்காட்டியது.

எங்கள் பாடத்தோடு பொருத்திப் பாருங்கள். முன்னோடிப் பரீட்சார்த்தம் நடந்திருந்தால் ஒரு திணைக்களத்தோடு பிழை நின்றிருக்கும். அதைக் கைவிட்டதால் முழு அரசாங்கமுமே பரீட்சைச் சட்டி ஆகிவிட்டது. வசதிகளை நீக்கியது மாற்றம்தான். அதை அனுமதிக்க முன், பாவிப்பவர்களின் பிரதிநிதியும் சுயாதீனக் கணக்காய்வாளரும் ஒரே மேசையில் இருந்து "இதை எடுத்தால் யாருக்கு என்ன நடக்கும்?" என்று கேட்டிருக்க வேண்டும். கெட்டிக்கார நிரலாளர் ஆயிரம் பேர் இருந்தாலும் அந்தக் கதிரைகள் வெறுமையாக இருந்தால் பலனில்லை.

அரசாங்கம் பின்பு பாடம் படித்தது. பீனிக்ஸுக்குப் பதிலான முறைமையைத் தேடும் வேலை 2018இல் தொடங்கியபோது, கனடிய மரபுரிமைத் திணைக்களம் போன்ற சிலவற்றோடு முதலில் பரீட்சித்துப் பார்க்கும் வழியை எடுத்தது.

கியூபெக்கிலும் இதற்கு ஒப்பான ஒன்று நடந்தது. சாரதி அனுமதிப்பத்திரம், வாகனப் பதிவு ஆகியவற்றுக்கான "சாக்-கிளிக்" இணைய முறைமை 2023 பெப்ரவரியில் தொடங்கியபோது, அலுவலகங்களின் வாசலில் சனம் வரிசையில் நின்றது. செலவு குறைந்தது 1.1 பில்லியன் டொலரை எட்டும், அது திட்டமிட்டதைவிட 500 மில்லியன் கூட என்று 2025 பெப்ரவரியில் மாகாணக் கணக்காய்வாளர் நாயகம் அறிவித்தார்.

பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்

கணினி படிக்கும் பிள்ளைகள் நிரல் எழுதுவது மட்டுமே பெரிய வேலை என்று நினைக்கக் கூடாது. பதிவு வைப்பது, சோதிப்பது, மாற்றத்தைக் கேள்வி கேட்பது எல்லாம் நல்ல சம்பளமுள்ள, மதிப்புள்ள தொழில்கள். ஒழுங்கும் பொறுமையும் உள்ளவர்களுக்கும், ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் தெளிவாக எழுதத் தெரிந்தவர்களுக்கும் நன்றாகப் பொருந்தும். ஊரில் கணக்கு எழுதியவர்கள், களஞ்சியப் பொறுப்பாளராக இருந்தவர்கள் இங்கே வந்து படித்தால் அவர்களுடைய பழைய அனுபவம் வீண்போகாது.

புது வேலையில் சேரும் பிள்ளை முதல் வாரத்திலேயே கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. இப்போது பாவனையில் இருப்பது எந்தப் பதிப்பு? ஒரு மாற்றத்துக்கு யார் சம்மதம் தர வேண்டும்? மாதிரியை யார் பார்த்தார்கள், பாவிக்கப் போகிறவர்கள் பார்த்தார்களா? பிழைத்தால் பழைய நிலைக்குத் திரும்ப வழி உண்டா? பதில் கிடைக்காவிட்டால் திரும்பக் கேட்கச் சொல்லுங்கள். "ஆயத்தமில்லை" என்று சொல்ல வேண்டிய இடத்தில் அதைச் சொல்வதும் அந்த வேலையின் பங்குதான். அந்த முறைமையின் மறுமுனையில் யாரோ ஒரு குடும்பத்தின் மாதச் சம்பளம் இருக்கக்கூடும்.