தண்டுவடக் காய ஆய்வுகளில் தசைப் புள்ளி: பழவேற்காட்டு மீன்பிடித் தொழிலை முன்வைத்து

தண்டுவடக் காயத்திற்கான மருந்தாய்வுகள் பயனைத் தசை வலிமைப் புள்ளிகளால் அளக்கின்றன. 1990இல் வெளியான இரண்டாம் அமெரிக்கத் தேசிய ஆய்வில், காயமுற்ற 8 மணி நேரத்திற்குள் மெத்தில்பிரட்னிசோலோன் பெற்றவர்கள் ஆறு மாதத்தில் 16.0 புள்ளி முன்னேறினர். வெற்று மருந்து பெற்றவர்கள் 11.2. இவ்வேறுபாடும் ஓர் உட்பிரிவில் மட்டுமே புலப்பட்டது. பக்கவிளைவுகளைக் கருதி, 2013இல் அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர்களின் வழிகாட்டுநெறி இம்மருந்தைத் தவிர்க்குமாறு கூறியது.

புள்ளிகள் எத்தனை என்பதைப் போலவே அவை எத்தசைக்குரியவை என்பதும் முதன்மையானது. இன்றைய பன்னாட்டு முறையில் கைகளுக்கு 50, கால்களுக்கு 50. உடற்பகுதித் தசைகளுக்குப் புள்ளியே இல்லை. ஆழம் குறைந்த பழவேற்காட்டு ஏரியில் கழியூன்றிப் படகு தள்ளவும் நீரில் நின்று வலை கட்டவும் கால்வலிமை வேண்டும். பாடு முறைப்படி மீன்பிடிக்கும் இடம் முறைவைத்துப் பகிரப்படும் ஊர்களில், தன் முறையன்று இறங்க இயலாமை வருவாய் இழப்பாகும். கிழிந்த வலையைச் சீர்செய்வதோ கைத்தொழில். கழுத்துப் பகுதிக் காயத்தில் விரல்களுக்குத் திரும்பும் நான்கைந்து புள்ளிகள் அத்தொழிலைக் காக்கக்கூடும்; கால்களில் சிதறிய அதே புள்ளிகள் எதையும் மாற்றாமலும் போகலாம்.

1954இல் விபத்தில் கால்கள் செயலிழந்த வேலூர் மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். அவரிடம் எஞ்சியவை கைகளின் புள்ளிகளே. பின்னர் வந்த தண்டுவடச் சார்பின்மை அளவை தற்பராமரிப்பு, சுவாசம், கழிவு கட்டுப்பாடு, நடமாட்டம் ஆகியவற்றை அளக்கிறது. தொழிலை அதுவும் அளப்பதில்லை.