கில்ட் உடுத்திய படைஞர்: பெயரும் மரபும்

பேராக் மாநிலத்தின் போர்க்கால வரலாற்றைத் தமிழில் எழுதப் புகுவோர் ஒரு சொல்லைக் குறித்துச் சற்றே நின்று எண்ண வேண்டியுள்ளது. 1941 டிசம்பரிலும் 1942 சனவரியிலும் இம்மாநிலத்தில் ஜப்பானியரை எதிர்த்து நின்ற படைகளுள் ஒன்று, ஸ்காட்லாந்தின் ஆர்கைல் அண்டு சதர்லாந்து ஹைலாண்டர்ஸ் படைப்பிரிவின் 2ஆம் பட்டாளம். அவர்களின் மரபுடை கில்ட். அதனைத் தமிழில் எவ்வாறு குறிப்பது? 'பாவாடை' என்று எழுதிவிடுவது எளிது. அச்சொல் பொருந்துமா என்பதே இவ்வுரை எடுத்துக்கொண்ட வினா.

முதலில் உடையை அறிவோம். கில்ட் என்பது குழாய்போல் தைக்கப்பட்ட ஆடை அன்று. ஏறத்தாழ 7 முதல் 8 கெசம் நீளமுள்ள கம்பளித் துணியின் நடுப்பகுதியைப் பின்புறத்தில் நெருக்கமாகக் கொசுவம் வைத்துத் தைப்பர். கொசுவம் இல்லாத இரு முனைகளையும் முன்புறத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவைத்து, இடுப்பில் வாரிட்டு இறுக்குவர். நம் எட்டு முழ வேட்டி ஏறத்தாழ 4 கெசம்; கில்ட்டுக்கு அதனினும் இருமடங்குத் துணி வேண்டும். இன்று நாம் காணும் இச்சிறு கில்ட் 18ஆம் நூற்றாண்டில் பரவியது. அதற்கு முன்னர் வழங்கியது பெருங்கில்ட். தையலற்ற நீண்ட துணியை இடுப்பில் கொசுவி வாரால் கட்டி, எஞ்சியதைத் தோள்மேல் இட்டுக்கொள்வர். பகலில் உடையாயிருந்தது இரவில் போர்வையாகும்.

மேட்டுநிலத்தாரின் கேலிக் மொழியில் இவ்வுடைக்கு வேறு பெயர் உண்டு. 'கில்ட்' என்பது ஸ்காந்திநேவிய மொழிகளின் வழிவந்த சொல். டேனிய மொழியில் இதனோடு உறவுடைய வினைச்சொல் 'ஆடையைத் தூக்கிச் செருகு' எனப் பொருள்படும். பழைய நோர்சு மொழியின் உறவுச்சொல்லோ ஆடையின் மடிப்பையும் மனிதரின் மடியையும் குறித்தது. தமிழிலும் 'மடி' என்னும் ஒரு சொல்லே தொடைமேல் இடத்தையும், துணியின் மடிப்பையும், காசு செருகும் இடுப்புப் பகுதியையும் சுட்டுகிறது. இவ்விரு மொழிகளுக்கும் இனவுறவு இல்லை. சுற்றிக் கட்டும் உடை ஒத்திருந்தமையால் பெயரிட்ட எண்ணமும் ஒத்தது.

இவ்வுடை படைக்குரியதாக நிலைத்ததற்குச் சட்டமே காரணமாயிற்று. 1745ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை ஒடுக்கிய பிரிட்டிஷ் அரசு, மேட்டுநில ஆடவர் மரபுடை அணிவதை 1746இல் சட்டத்தால் தடைசெய்தது. முதன்முறை மீறினோர்க்கு 6 மாதச் சிறை. மீண்டும் மீறினோர்க்கு 7 ஆண்டு நாடுகடத்தல். அரசரின் படையில் பணிபுரிந்தோர்க்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. 1782இல் தடை நீங்கும்வரை கில்ட்டைச் சட்டப்படி உடுத்தக்கூடிய இடம் பட்டாளமே.

பட்டாளத்திலும் அவ்வுரிமை நிலையானதாக இல்லை. 1809இல், மேட்டுநிலத்தில் போதிய ஆள் கிடைக்கவில்லை என்றும், ஆங்கிலேயர் இவ்வுடையை விரும்புவதில்லை என்றும் காரணம் காட்டி, சில படைப்பிரிவுகளின் கில்ட் பறிக்கப்பட்டது. அவற்றுள் ஒன்று ஆர்கைல் நாட்டாரின் 91ஆம் படைப்பிரிவு. சதர்லாந்து நாட்டாரின் 93ஆம் படைப்பிரிவு தன் கில்ட்டைக் காத்துக்கொண்டது. 1881இல் இவ்விரண்டும் இணைந்தபோது, 91ஆம் பிரிவினர் 72 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் கில்ட் உடுத்தினர். பேராக்கிற்கு வந்தவர்கள் இவ்விணைப்பின் வழித்தோன்றல்களே.

உடையின் ஒவ்வோர் உறுப்பும் படைப்பிரிவையும் பதவியையும் காட்டுவது இம்மரபின் இயல்பு. தார்ட்டன் எனப்படும் கட்டக் கோலம் படைப்பிரிவுக்குப் படைப்பிரிவு வேறுபட்டது. கில்ட்டில் பை இல்லை. ஆதலால் முன்புறத்தில் ஸ்போரன் என்னும் பை தொங்கும். கேலிக் மொழியில் அதற்குப் பணப்பை என்றே பொருள். நாம் மடியில் முடிந்துகொண்டதை அவர்கள் அப்பையில் இட்டனர். ஆர்கைல் பிரிவில் அதிகாரிகளும் சார்ஜன்டுகளும் பேட்ஜர் என்னும் விலங்கின் தலைத்தோலால் ஆன ஸ்போரன் அணிந்தனர். ஏனைய படைஞரின் ஸ்போரனில் 6 வெண்குஞ்சங்கள் இருந்தன.

முதல் உலகப்போரின் பதுங்குகுழிகளில் கில்ட்டின் குறைகள் வெளிப்பட்டன. கொசுவங்களில் பேன் குடியேறியது. சேறு படிந்து துணி கனத்தது. இரண்டாம் உலகப்போர் தொடங்கியபின் கில்ட் போர்க்களத்திலிருந்து விலக்கப்பட்டு, அணிவகுப்புக்கும் விழாவுக்கும் உரியதாயிற்று. ஆகவே பேராக்கின் இரப்பர்த் தோட்டங்களில் ஆர்கைல் படைஞர் கில்ட் உடுத்திப் போரிட்டனர் என்று எழுதுவது பிழை. வெப்பநாட்டுக் காக்கி உடையிலேயே அவர்கள் போரிட்டனர். 1942 சனவரி 7ஆம் நாள் விடியுமுன் ஜப்பானிய டாங்கிகள் துரோலாக் வழியே ஊடுருவிச் சிலிம் ஆற்றுப் பாலத்தைக் கைப்பற்றின. அப்பட்டாளம் அன்று சிதைந்தது. அவ்வாண்டு சனவரி 31இல் எஞ்சிய சிலர் பைக்குழல் இசையோடு ஜொகூர்த் தரைப்பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குள் சென்றனர். கில்ட் இல்லாத களத்திலும் மரபு இசையாக உடன் சென்றது. பின்னர்ச் சிறைப்பட்ட ஆர்கைல் படைஞர் சயாம் இரயில் பாதையில் உழைத்தனர். நம் தோட்டத் தமிழர் பல்லாயிரவரும் அதே பாதையில் உழைத்தனர். அங்கே மாண்டோர் பலர்.

இனிச் சொல்லுக்கு வருவோம். 'பாவாடை' என்பது பாவுதல், அதாவது பரப்புதல், என்னும் வினையோடு தொடர்புடையது. பெரியோர் நடந்துவர நிலத்தில் விரிக்கும் துணிக்கும், தெய்வத்தின் முன் சோறு படைக்க விரிக்கும் துணிக்கும் அது பெயராயிருந்தது. ஆண்மக்களுக்கும் பாவாடை எனப் பெயரிடும் வழக்கம் தமிழகத்தில் உண்டு. எனினும் இன்றைய வழக்கில் அச்சொல் மகளிர் உடையையே குறிக்கிறது. கில்ட்டுக்கு அதனை இடும்போது பொருள் விளங்குவதற்கு முன்பே நகைப்பு தோன்றிவிடுகிறது. நம் நாட்டின் அரச மலாய்ப் படைப்பிரிவினர் விழாவுடையில் இடுப்பைச் சுற்றிச் சம்பிங் உடுத்துகின்றனர். அதனைப் பாவாடை என எழுத நாம் துணிவதில்லை.

ஆகவே 'கில்ட்' என்னும் சொல்லையே ஏற்பதும், அதற்கு ஏற்ற வினையைத் தமிழிலிருந்து தருவதும் தக்கன. நாம் சட்டையைப் போடுகிறோம். வேட்டியை உடுத்துகிறோம் அல்லது கட்டுகிறோம். சுற்றிக் கொள்வதற்குரிய வினை உடுத்தல்; 'உடை' என்னும் சொல்லும் அதனடியாகப் பிறந்ததே. கில்ட்டும் சுற்றிக் கொள்ளப்படுவது. 'கில்ட் போட்டனர்' என்பதை விட 'கில்ட் உடுத்தினர்' என்பதே பொருந்தும். அவ்வொரு வினையே அது எத்தகைய உடை என்பதைத் தமிழ் வாசகர்க்கு உணர்த்திவிடும்.

உடைக்காக இழிவுபடுத்தப்படுவது நமக்கும் புதிதன்று. 2014இல் சென்னையில் வேட்டி உடுத்தி வந்த உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர்க்கே ஒரு மன்றத்தில் நுழைவு மறுக்கப்பட்டது. அதன்பின் அவ்வாண்டே தமிழ்நாட்டுச் சட்டமன்றம் அத்தகைய தடைகளை நீக்கிச் சட்டம் இயற்றியது. நம் உடைக்கு நாம் வேண்டும் மதிப்பைப் பிறர் உடைக்கும் அளிப்பது முறை. பேராக்கின் போர்க்களங்களைப் பற்றி நம் மாணவர்க்குத் தமிழில் எழுதுவோர், அம்மதிப்பைத் தாம் தேரும் சொல்லிலேயே காட்டலாம்.