15 பெரிதா, 12 பெரிதா? கிராபிக்ஸ் கார்டு எண்களைப் படிக்கும் முறை

பிரிக்பீல்ட்ஸின் துன் சம்பந்தன் நிலையத்தில் மோனோரயில் ஏறினால் மூன்றாவது நிறுத்தம் இம்பி. அங்கிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது லோயாட் பிளாசா. கிள்ளான் பள்ளத்தாக்கில் கணினிப் பாகம் வாங்குகிறவர்கள் எங்கெங்கோ விசாரித்துவிட்டு, கடைசியில் வந்து சேரும் இடம் அது. வீடியோ கேமுக்கோ, கல்யாண வீடியோவை எடிட் செய்யவோ நடுத்தர விலையில் கிராபிக்ஸ் கார்டு தேடுகிறவர் முன்னால் இரண்டு பெயர்கள் அடிக்கடி வந்து நிற்கும். ஒன்று என்விடியா 2021 பிப்ரவரியில் வெளியிட்ட ஆர்டிஎக்ஸ் 3060. இன்று பெரும்பாலும் கைமாறிய சரக்காகக் கிடைப்பது. மற்றது 2023 ஜூனில் வந்த ஆர்டிஎக்ஸ் 4060. இரண்டையும் ஒப்பிடப் பலர் பார்க்கும் எண் டெராஃப்ளாப். 3060-க்கு 12.7, 4060-க்கு 15.1. புதியது 19 விழுக்காடு வேகமானது என்று அங்கேயே முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த ஓர் எண்ணை வைத்து முடிவெடுக்கக் கூடாது என்பதே என் வாதம்.

டெராஃப்ளாப் என்பது யாரும் அளந்து பார்த்த எண் அல்ல, பெருக்கி எடுத்த எண். 3060-இல் 3,584 கணக்கிடும் கருக்கள் உள்ளன. அவை 1.777 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் துடிக்கின்றன. ஒவ்வொரு துடிப்பிலும் ஒரு பெருக்கலையும் ஒரு கூட்டலையும் சேர்த்துச் செய்ய முடியும் என்பதால் இரண்டால் பெருக்குகிறார்கள். வருவது 12.7, அதாவது நொடிக்கு 12.7 லட்சம் கோடி தசமக் கணக்குகள். 4060-இல் கருக்கள் 3,072-தான், ஆனால் துடிப்பு 2.46 கிகாஹெர்ட்ஸ். அதனால் குறைந்த கருக்களோடும் அது முந்துகிறது. எல்லாக் கருவும் ஒரு நொடிகூடச் சும்மா இராமல் உழைத்தால் வரக்கூடிய உச்சவரம்பு இது. நிஜத்தில் கருக்கள் பல நேரம் தரவுக்காகக் காத்திருக்கின்றன.

இதற்கு என்விடியாவே ஒரு சான்று தந்திருக்கிறது. 2022-இன் பிற்பகுதியில் 3060 என்ற அதே பெயரில் இன்னொரு கார்டு வந்தது. அதே 3,584 கருக்கள், அதே துடிப்பு, அதே 12.7 டெராஃப்ளாப். மாறியது நினைவகம் மட்டுமே: 12 ஜிபி 8 ஆனது, நினைவகப் பாதையின் அகலம் 192 பிட்டிலிருந்து 128 ஆனது. நொடிக்கு 360 ஜிபி தரவு போன இடத்தில் 240 மட்டுமே போனது. சோதனைகளில் தெரிந்தது இது: கேம்களில் அது தெளிவாகப் பின்தங்கியது. டெராஃப்ளாப் ஒன்றாக இருந்தும் வேகம் ஒன்றாக இல்லை.

அப்படியென்றால் நினைவகப் பாதையின் அகலத்தைப் பார்த்து வாங்கினால் போதுமா? அதுவும் போதாது. 4060-இன் பாதையும் 128 பிட்தான். நினைவகம் சற்று வேகமானது என்பதால் நொடிக்கு 272 ஜிபி. பழைய 12 ஜிபி 3060-ஐவிட இது கால் பங்கு குறைவு. ஆனாலும் முழு எச்டி திரையில் பெரும்பாலான கேம்களில் 4060 முந்துகிறது. காரணம், சிப்பின் உள்ளேயே இருக்கும் கேஷ் என்ற சிறு நினைவகம். 3060-இல் அது 3 எம்பி, 4060-இல் 24 எம்பி. கிள்ளானில் இருப்பவருக்குத் தேவையான சாமான் கிள்ளானிலேயே கிடைத்துவிட்டால், கோலாலம்பூருக்குப் போகும் கூட்டரசு நெடுஞ்சாலையில் எத்தனை தடம் என்பது அவருக்கு ஒரு பொருட்டில்லை. கேஷ் செய்வது அதைத்தான். ஆனால் சாமான் பெரிதாகி, உள்ளூர்க் கடையில் கொள்ளாமல் போனால் மறுபடி நெடுஞ்சாலைதான். வீட்டுக் கணினியில் செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரியை ஓட்டிப் பார்க்கிறவருக்கு நடப்பது அதுவே. ஒவ்வொரு சொல்லை உருவாக்கவும் பல ஜிபி தரவை முழுக்கப் படிக்க வேண்டும், 24 எம்பி எந்த மூலைக்கு? அந்த வேலையில் அகலப் பாதையும் 12 ஜிபி நினைவகமும் கொண்ட பழைய 3060-இன் கை ஓங்குகிறது.

தலைமுறை மாறும்போது டெராஃப்ளாப் இன்னும் மோசமாக ஏமாற்றும். 2018-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 2080 டிஐ 13.4, 2020-இல் வந்த 3070 20.3. காகிதத்தில் பாதிக்கு மேல் கூடுதல், கேம்களில் ஏறக்குறைய சமம். முழு எண் கணக்குக்கென்று 2080 டிஐ-யில் தனிப் பிரிவு இருந்தது. 3070-இல் கருக்களில் பாதி, தசமக் கணக்கு, முழு எண் கணக்கு இரண்டையும் மாறிமாறிச் செய்ய வேண்டியவை. விளம்பர எண்ணோ அவை எல்லா நேரமும் தசமக் கணக்கே செய்வதாக வைத்துப் பெருக்கியது.

விவரப் பட்டியலே வீண் என்றா சொல்கிறீர்கள் என்று கேட்கலாம். இல்லை. ஒரே தலைமுறைக்குள் அது வரிசையைப் பெரும்பாலும் சரியாகச் சொல்லும். 4060-ஐவிட 4060 டிஐ வேகமானது என்பதை டெராஃப்ளாப் காட்டுகிறது. ஆனால் அது காட்டும் 46 விழுக்காடு இடைவெளி கேம்களில் ஏறக்குறையப் பாதியாகச் சுருங்கிவிடுகிறது. சோதனை முடிவுகளை மட்டும் எப்படி நம்புவது, அவர்கள் விலை உயர்ந்த பிராசஸரோடு குளிர்ந்த அறையில் சோதிக்கிறார்களே என்றும் கேட்கலாம். நியாயமான கேள்வி. பழைய கணினியில் புதிய கார்டைப் பொருத்துகிறவர் இதைக் கட்டாயம் எண்ணிப் பார்க்க வேண்டும். 4060 மதர்போர்டோடு 8 வழிகளில்தான் பேசுகிறது, 3060-க்கு 16. பழைய மதர்போர்டில் 4060-இன் 8 ஜிபி நினைவகம் நிரம்பி வழிந்தால் அதன் திணறல் இன்னும் கூடும். ஆகவே உங்கள் கேம், உங்கள் திரை, உங்கள் பிராசஸர் மூன்றுக்கும் நெருங்கிய சோதனையைத் தேடிப் பாருங்கள்.

மின்சாரத்தைக் காட்டி 4060-ஐப் பரிந்துரைப்பவர்கள் உண்டு. 3060 முழுச் சுமையில் 170 வாட் இழுக்கிறது, 4060 115. நாளுக்கு 4 மணி நேரம் ஓடினால் மாதத்துக்கு 6.6 யூனிட் வித்தியாசம். யூனிட் அரை வெள்ளி என்று வைத்தாலும் மூன்று வெள்ளி முப்பது காசுதான். பணத்தைவிட வெப்பம் முக்கியம். நம் ஊர் மத்தியானத்தில் குளிர்சாதனம் இல்லாத அறையில் அந்த 55 வாட்டும் சூடாகத்தான் வெளியேறும்.

என் தீர்ப்பு இது. முழு எச்டி திரையில் கேம் மட்டும் ஆடுகிறவருக்கு 4060. முப்பரிமாண வேலை, கனமான வீடியோ எடிட்டிங், செயற்கை நுண்ணறிவுப் பயிற்சி என்று 8 ஜிபியைத் தாண்டக்கூடியவருக்கு, நல்ல நிலையில் கிடைத்தால், 12 ஜிபி 3060. 2025-இல் வந்த 5060 நொடிக்கு 448 ஜிபி தரவை நகர்த்துகிறது. அதிலும் நினைவகம் 8 ஜிபிதான் என்பதால் இந்த இரண்டாவது கூட்டத்தாருக்கு விடை மாறவில்லை. கைமாறிய 3060 வாங்குகிறவர்கள் பெட்டியின் மேல் உள்ள பெயரோடு நின்றுவிடாதீர்கள். கடையிலேயே கணினியில் மாட்டச் சொல்லி, ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்து பாருங்கள். 12 ஜிபி, 192 பிட் என்று காட்டினால் மட்டுமே பணத்தைக் கொடுங்கள்.