தவறவிடத் தெரிந்த ரேடார்

போர் விமான சிமுலேட்டரை இயக்கும் கணினிக்கு, வானில் உள்ள ஒவ்வொரு விமானமும் எங்கே இருக்கிறது என்று அச்சுப் பிசகாமல் தெரியும். அதை அப்படியே விமானியின் திரையில் காட்டிவிடுவது மிகச் சுலபம். எதைக் காட்டலாம், எதை மறைக்க வேண்டும் என்பதை இயற்பியலைக் கேட்டு முடிவெடுப்பதுதான் கடினம். சிமுலேட்டரின் தரமே அதில்தான் இருக்கிறது.

‘டிசிஎஸ் வேர்ல்ட்’ சிமுலேட்டருக்காக ஹீட்பிளர் நிறுவனம் 2019-ல் வெளியிட்ட எஃப்-14 டாம்கேட் நல்ல உதாரணம். அமெரிக்கக் கடற்படையின் இந்த விமானத்தில் இருந்த ஏடபிள்யூஜி-9 ரேடார், ஒரே நேரத்தில் 24 இலக்குகளைத் தொடரும். 6 இலக்குகள் மீது ஃபீனிக்ஸ் ஏவுகணைகளைச் செலுத்த வழிகாட்டும்.

ஆனால் அது எல்லா இலக்குகளையும் இடைவிடாமல் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. ஆன்டெனா இடமும் வலமுமாகத் திரும்பி வானத்தைத் துழாவுகிறது. ஒரு சுற்று முடிய 2 வினாடி ஆகும். அந்த இடைவெளியில், எதிரி இந்நேரம் எங்கே வந்திருப்பான் என்று ரேடாரின் கணினி கணக்குப் போட்டு வைக்கும். எதிரி சட்டென்று திரும்பிவிட்டால் கணக்கு பொய்த்துவிடும். பழைய குறி திரையில் தொடர்ந்து நகர, அதே விமானம் வேறோர் இடத்தில் புதிய குறியாக முளைக்கும்.

இன்னொரு சிக்கல், தரை. கீழ்நோக்கிப் பார்க்கும் ரேடாருக்குத் தரையிலிருந்தும் எதிரொலி வந்து குவியும். அதிலிருந்து விமானத்தைப் பிரித்தெடுக்க டாப்ளர் விளைவு உதவுகிறது: நெருங்கி வரும் பொருளின் எதிரொலியில் அதிர்வெண் கூடும். தரையின் வேகத்துக்குரிய அதிர்வெண்களை ரேடார் வடிகட்டி ஒதுக்கிவிடும். இதை அறிந்த எதிரி விமானி, ரேடார் கற்றைக்குச் செங்குத்தாகத் தன் விமானத்தைத் திருப்புவார். அவர் நெருங்கவும் இல்லை, விலகவும் இல்லை. எனவே அவருடைய எதிரொலியும் தரையோடு சேர்ந்து வடிகட்டப்படும். விமானிகள் இதை ‘நாட்ச்’ என்கிறார்கள். நல்ல சிமுலேட்டரில் அந்தக் கணத்தில் இலக்கு தொலைந்துதான் போக வேண்டும்.

தூரமும் இரக்கம் காட்டாது. அது இருமடங்கானால் எதிரொலியின் வலிமை 16-ல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும்.

அமெரிக்கக் கடற்படை 2006-ல் எஃப்-14-க்கு ஓய்வு கொடுத்தது. அதன் ரேடார் பற்றிய தகவல்கள் இன்று ஓரளவு கிடைக்கின்றன. புதிய போர் விமானங்களின் ரேடார் திறன் இன்னும் ராணுவ ரகசியம். அங்கே வடிவமைப்பாளர்கள் பல எண்களை ஊகிக்க வேண்டியிருக்கிறது. டாப்ளரும் தூரக் கணக்கும் ரகசியமல்ல. அவற்றையும் விட்டுவிடும் சிமுலேட்டரில் பயிற்சி எடுப்பவர், வானில் இல்லாத ஒரு ரேடாரையே பழகிக்கொள்கிறார்.